துரைசாணிக்கு நான் போட்ட மார்க்கு

குனிந்து என் கால் பெருவிரலை நான் கடைசியாகத் தொட்டது எப்போது என்று எனக்கே நினைவில்லை. செருப்பு வாரைக்கூட என் மனைவிதான் மாட்டிவிடுகிறாள், அதுவும் முணுமுணுத்துக்கொண்டு. இப்படிப்பட்ட நான்தான் பல வருடங்களாக சப்ரகமுவ மாகாணத்துப் பிள்ளைகளைப் பார்த்து, உன் கால் விரல் நீளவில்லை, உன் முழங்கால் மடிந்துவிட்டது என்று மார்க் கழித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான் ஜிம்னாஸ்டிக் நடுவர். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

போன மாதம் கேகாலையில் இளம் நடுவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். என்னையும் சேர்த்து ஓய்வு பெற்ற கிழவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, மின்விசிறிக்கு எட்டாத மூலையில் உட்கார வைத்தார்கள். இப்போது பத்துக்கு இத்தனை என்ற கணக்கே இல்லையாம். கஷ்டமான வித்தைக்குத் தனி மார்க், செய்த விதத்துக்குத் தனி மார்க், இரண்டையும் கூட்டுகிறார்களாம். கூட்டுவதாம்! நாங்கள் கழித்தே பிழைத்தவர்கள். வகுப்பின் நடுவில் ஒரு இளம் டீச்சர் எழுந்து, "ஐயா, ஒங்க காலத்துல பத்துக்குப் பத்து யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"யாரும் கேக்கலீங்களா?"

"ஸ்ட்ரைக்கே பண்ணுனாங்க" என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிளாக்கர். தொண்ணூற்று இரண்டாம் வருடம் தோட்டங்களைத் திரும்பவும் கம்பனிகளின் கையில் கொடுத்தார்கள் அல்லவா, அதற்கும் முன்பிருந்தே அங்கே இருந்தவன். பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வாளியில் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் கொடுப்பார்கள். அதை அளப்பது என் வேலை. மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதைப் பாலில் விட்டால் மிதக்கும். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நின்று காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்கு எவ்வளவோ அவ்வளவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நான் பதிவேன். இதனால் எனக்குத் தோட்டத்தில் எவ்வளவு நல்ல பெயர் இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பால் வெட்டுவதில் கெட்டிக்காரி மாரியாயி. தண்ணீர் ஊற்றுவதிலும் அவள்தான் கெட்டிக்காரி. தினமும் எங்கள் இருவருக்கும் ஒரு சண்டை நடக்காவிட்டால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

"ஐயா, நல்லா பாருங்க. அது மழத் தண்ணி. நான் ஊத்தல, வானம் ஊத்துச்சு."

"மழ பேஞ்சா பால் வெட்டே இல்லையே மாரியாயி. நேத்திலேருந்து ஒரு பொட்டு விழல."

"அப்ப பனியா இருக்கும்."

"கழிச்சாச்சு. அடுத்த ஆளு வாங்க."

"ஒங்க கைக்குக் கழிக்க மட்டுந்தான் வருமா? கூட்டவே வராதா? பெத்த புள்ளைக்குச் சோறு போடுறப்பவும் கழிச்சுத்தான் போடுவீங்களா?"

ஒருநாள் இந்தச் சண்டையைத் தோட்டத்துக்குப் புது மானேஜராக வந்த துரையும் அவர் சம்சாரமான துரைசாணியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை சிங்களவர், கேகாலைக்காரர். ரப்பர் ரசாயனம் படிக்க ருமேனியாவுக்குப் போனவர் படிப்போடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாவின் பெயர் தோய்னா. அவர் ருமேனியா நாட்டு ஜிம்னாஸ்டிக் சாம்பியன் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ரம்புக்கனை ரயில் நிலையத்தில் அவர்களுடைய பெட்டிகளை இறக்கப் போன ஆட்கள், பெட்டிக்குள்ளே இரும்புக் குழாய்களும் கம்பிகளும் இருந்ததைப் பார்த்துவிட்டு, துரைசாணி வெல்டிங் கடை போடப் போகிறார் என்றுதான் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சண்டை முடிந்ததும் துரைசாணி என்னிடம் வந்தார். "நீ நல்லா கழிக்கிற. அழுதாலும் கழிக்கிற. எனக்கு நீ வேணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரை இருமிவிட்டு, "கிளாக்கர், பின்னேரத்துல பங்களா பக்கம் வாங்க" என்றார்.

துரைசாணியின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வந்த புதிதில் அவர் துரையோடு விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு வந்து நிற்பார். அங்கே ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் கங்காணி போடும் சத்தம்தான் அவருடைய தமிழ்ப் பாடசாலை. அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க அதட்டல். ங்க என்ற மரியாதை எல்லாம் அவர் காதில் ஏறவேயில்லை. கல்விக் கந்தோரிலிருந்து வந்த பெரிய அதிகாரியை வாசலில் வரவேற்றபோதுகூட, "என்னா இவ்வளவு லேட்டு? வெரசா உள்ள வா!" என்றார். நல்லவேளை, அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

லயத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக் சொல்லிக் கொடுக்கப் போகிறாராம். போட்டி வைத்தால் மார்க் போட ஒரு ஆள் வேண்டுமாம். அதற்கு நான். வீட்டில் போய்ச் சொன்னதும் என் மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"துரைசாணி கால தூக்குவாங்க, நீங்க உக்காந்து பாப்பீங்களா? நல்லா இருக்குது ஞாயம்."

முதல் வாரம் முழுக்க அவளும் கூடவே வந்து, வெற்றிலையை மென்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் என்னை முந்திக்கொண்டு, "அந்தா, முட்டி மடங்குது, கழிங்க" என்று சத்தம் போட ஆரம்பித்தாள். நான்தான் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

நான் கற்றுக்கொண்ட விதம் இதுதான். துரைசாணி பங்களா வராந்தாவில் நின்று ஒரு காலைப் பின்னால் தூக்குவார். வேண்டுமென்றே ஒரு பிழை செய்வார். "சொல்லு!"

"முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்குங்க."

"எவ்வளவு கழிப்ப?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? மாரியாயி பாலுக்குக் கொஞ்சம்னா எழுதுற?"

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். கால் விரல் நீளாவிட்டால் இவ்வளவு, உடம்பு ஆடினால் இவ்வளவு, விழுந்தால் அரை மார்க் என்று எல்லாம் மனப்பாடம். பிள்ளை வந்து நின்று கையை உயர்த்தும். நடுவர் தலையசைக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்கி மறுபடி கை உயர்த்தும் வரை கண்ணைச் சிமிட்டினாலும் குற்றம். சிரிக்கக்கூடாது, உச்சுக் கொட்டக்கூடாது, அம்மாடி என்று சொல்லவே கூடாது. மூஞ்சியைப் பார்க்கக்கூடாது என்பது துரைசாணியின் முதல் சட்டம். "மூஞ்சியப் பாத்தா நீ எரக்கப்படுவ. கால மட்டும் பாரு" என்று துரையின் பழைய தொப்பி ஒன்றை என் தலையில் கவிழ்த்து, மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டார். அந்தத் தொப்பியோடுதான் நான் கடைசி வரை மார்க் போட்டேன். எதிரில் வரும் பிள்ளையைக் கழுத்துக்குக் கீழேதான் எனக்குத் தெரியும். கடைத்தெருவில் ஒரு பிள்ளை வந்து கும்பிட்டால் யாரென்று தெரியாமல் விழிப்பேன், காலைப் பார்த்ததும், "அட, நீயா!" என்பேன்.

துரைசாணி தன் கதையையும் எனக்கு அந்த வராந்தாவில்தான் சொன்னார், அதே கங்காணித் தமிழில். ஆறு வயதில் வீட்டிலிருந்து கூட்டிப்போய் முகாமில் விட்டார்களாம். "தெனமும் காலையில என்னய தராசுல ஏத்தி நிறுத்தாங்க, ஒங்க பாலு மாதிரி. ஒரு துண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டா முள்ளு காட்டிக் குடுத்துரும். அன்னைக்கு அதட்டல்." பீம் என்கிற கட்டையில்தான் அவர் கெட்டி. பிறகு நாட்டுக்கே சாம்பியன். பிறகு ஒருநாள் முழங்காலில் ஏதோ அறுந்துபோய், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த எங்கள் துரையைப் பார்த்தாராம். "அவரும் அழுதாரு, நானும் அழுதேன். அப்புறம் கல்யாணம்" என்று முடித்துவிட்டார்.

பீம் என்றால், மார்பு உயரத்தில் நிற்கும் ஒரு நீளக் கட்டை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன்மேல் நடக்க வேண்டும், துள்ள வேண்டும், தலைகீழாகப் புரள வேண்டும், கடைசியில் காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே குதித்து, ஆணி அடித்தமாதிரி நிற்க வேண்டும். ஒரு அடி நகர்ந்தாலும் கழிவு. தோட்டத்துத் தச்சர் ரப்பர் மரத்திலேயே ஒரு பீம் செய்து கொடுத்தார். பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். துரைசாணி போட்ட அதட்டலில் துணியோடு கயிறும் சேர்ந்து மறைந்தது.

கீழே விரிக்க மெத்தை வாங்கக் கம்பனி சம்மதிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம் என்று எங்கள் துரை ஒரு யோசனை செய்தார். மரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுத்து, அழுத்தி, மெத்தையாக்கிவிட்டார். நல்ல மெத்தைதான். விழுந்தால் வலிக்காது. ஆனால் அந்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! ஒட்டுப்பாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. எங்கள் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அனே, மொகத மே கந்த?" இதென்ன நாற்றம் என்று சிங்களத்தில் கேட்டபடி உடை மாற்றும் அறையைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள். தலைசீவக் கண்ணாடி முழுதும் அவர்களுக்குத்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கோகிலா. மாரியாயியின் மகள். சின்ன வயதிலிருந்தே துரைசாணியிடம் அதட்டல் வாங்கி வளர்ந்தவள். பதினைந்து வயதில் அவள் பீம் மேலே ஏறினால் நான் தொப்பிக்குள்ளே மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்பேன். கழிக்க இடம் தேடித்தான் பார்க்க வேண்டும். நல்லவேளை, எனக்குத் தேடத் தெரியும்.

அந்த வருடம் மாகாணப் போட்டி இரத்தினபுரியில். பீமில் முதலாவதாக வருகிற ஒரே ஒரு பிள்ளையைக் கொழும்புக்கு எடுப்பார்கள். அங்கே விடுதியோடு பாடசாலை, சாப்பாடு, பயிற்சி, எல்லாம் இலவசம். இந்தச் செய்தி மாரியாயிக்கு வந்த அதே வாரத்தில் லீலாவதியும் வந்தாள். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். மாரியாயியின் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த நேரம் அது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் ஒரு முடிவு செய்தாள்: கோகிலா முதலாவதாக வந்தால் விடுதிக்குப் போகட்டும், வராவிட்டால் இரத்தினபுரியிலிருந்தே லீலாவதியோடு பஸ் ஏறி யாரோ ஒரு பணக்கார நோனா வீட்டுக்கு வேலைக்குப் போகட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பையில் பிள்ளையின் உடுப்பைக் கட்டி வைத்தாள்.

துரைசாணி இதைக் கேட்டு மாரியாயியின் லயத்துக்கே போய்க் கத்தினார். மாரியாயி அசையவில்லை. "ஒங்களுக்கு பங்களா இருக்குது. எனக்கு என்னா இருக்குது? செயிச்சா அனுப்புறேன்னு சொல்லிட்டேன்ல, அது போதும்" என்றாள்.

போட்டியன்று தோட்டத்து லொறியில் அரைத் தோட்டமே ஏறிவிட்டது. லீலாவதியும் ஏறினாள். அவிசாவளை போவதற்குள் எல்லாருடைய ரொட்டியிலும் பாதியை அவள் சாப்பிட்டுவிட்டாள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராமையா வெள்ளைச் சட்டை போட்டு முன்சீட்டில். எதற்கு வருகிறீர்கள் தலைவரே என்று கேட்டேன். "நம்ம ஆளுங்க எங்க போனாலும் ஒரு பெரச்சன வரும். அப்ப நான் இருக்கணும்ல?" என்றார். பிரச்சினை வந்தால் தலைவர் வருவார் என்பது ஊர் வழக்கம். எங்கள் தோட்டத்தில் தலைவர் முதலில் வந்துவிடுவார், பிரச்சினை பின்னால் வரும்.

மண்டபம் நிறையக் கூட்டம். கோப்பை கொடுத்தது ஊர் இரத்தினக்கல் வியாபாரி ஒருவர். அவர் தன் கோப்பையையே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பீமுக்கு நடுவர்கள் நானும் குணவதி டீச்சரும். நான் கோகிலாவின் தோட்டத்தான், வேறு ஆளைப் போடுங்கள் என்று முதலிலேயே சொல்லிப் பார்த்தேன். மாகாணத்தில் பீம் தெரிந்த வேறு ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குணவதி டீச்சர் நல்ல மனுஷி. ஆனால் என் தாளை எட்டிப் பார்த்து நான் போட்டதையே போடும் பழக்கம் அவருக்கு. ஆகவே மாகாணம் முழுவதற்கும் பீம் நடுவர் நான் ஒருவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோகிலாவுக்கு முன்னால் ஒரு சிங்களப் பிள்ளை, கலவானப் பக்கம், அழகாகச் செய்தது. பிறகு கோகிலா. கையை உயர்த்தினாள். நான் தலையசைத்தேன். ஏறினாள். என்ன சொல்வது! துள்ளலும் திருப்பமும் புரளலும், எங்கே கழிப்பது என்று என் பென்சில் தவித்தது. கடைசிக் குட்டிக்கரணம். காற்றில் சுற்றி வந்து இறங்கினாள், நின்றாள் என்று நினைத்தேன். வலது கால் ஒரு அடி பின்னால் போனது. ஒரே ஒரு அடி.

கழித்தேன். வேறு என்ன செய்ய? அந்த ஒரு அடியில் கோகிலா இரண்டாவதானாள்.

பலகையில் எண்ணைத் திருப்பினேன். மாரியாயியின் குரல் கூரையைத் தொட்டது. "பால்ல கழிச்சது பத்தாதுன்னு இப்ப எம்புள்ள மார்க்குலயும் கழிக்க வந்துட்டியா? ஒனக்கு ஈவு இரக்கமே இல்லையாய்யா?" அன்றுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை.  மண்டபத்து மூலையில் லீலாவதி பையைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நேரம் விசாரிப்பதும் தெரிந்தது.

தலைவர் ராமையா எழுந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நடு மண்டபத்துக்கு வந்தார். "இது தொழிலாளர் பெரச்சன" என்று அறிவித்தார். "நிறுவையில தகராறு வந்தா எல்லார் முன்னுக்கும் திருப்பி நிறுக்கணும். அதுதான் தோட்டத்து வழக்கம். திருப்பி நிறுக்குற வரைக்கும் ஸ்ட்ரைக்!" சொல்லிவிட்டு மெத்தையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரைத் தோட்டமும் வந்து அவர் பின்னால் உட்கார்ந்தது. எங்கள் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து குதித்துக் களைத்துப்போன சிங்களப் பிள்ளைகளும், உட்காரலாம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் உட்கார்ந்தார்கள். கல் வியாபாரிக்கும் யாரோ இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

போட்டிப் பொறுப்பாளர் பாவம், சாப்பாட்டுப் பார்சல் எண்ணிக்கொண்டிருந்தவர், ஓடி வந்தார். "மே மொகக்த, ஸ்ட்ரைக் எகக்த?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம், ஸ்ட்ரைக்தான் என்றேன். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஜிம்னாஸ்டிக்கில் ஸ்ட்ரைக் வந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. தொழில் கந்தோருக்கு டெலிபோன் போடலாமா என்று யோசித்தார். கடைசியில் ஒரு விதி கிடைத்தது: நடுவரின் தீர்ப்பை மறுத்துப் பேசப் பயிற்சியாளருக்கு மட்டுமே உரிமை உண்டு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. துரைசாணியிடம் ஓடினார். மறுப்பு உண்டா என்று கேட்டார்.

துரைசாணி எழுந்தார். அன்றைக்கு மரியாதைக்காகச் சேலை கட்டியிருந்தார். "இருக்கு" என்றார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். துரைசாணி என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "கிளாக்கர், நீ கழிச்சது பத்தாது. திரும்புறப்ப புள்ளைக்கு எடது கால் விரலு மடங்குச்சு. அத ஏன் விட்ட?"

தலைவர் ராமையா வாயைப் பிளந்தார். சங்க வரலாற்றில் தன் ஆளுக்கு இன்னும் கழிக்கச் சொல்லிக் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை.

மாரியாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு துரைசாணியின் முன்னால் வந்து நின்றாள்.  "வாயால சொல்றது லேசு! நீங்க பெரிய சாம்பியனாமே? ஏறுங்க பாப்போம்! ஏறி, ஒரு அடி வைக்காம குதிச்சுக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நான் வாயப் பொத்திக்கிட்டு எம்புள்ளய பஸ்ஸுல ஏத்திர்றேன்."

துரை அவசரமாக எழுந்து, வேண்டாம் வேண்டாம், முழங்கால், என்று சிங்களத்தில் என்னமோ சொன்னார். துரைசாணி கேட்கவில்லை. சேலையை அவிழ்த்தார். பெண்கள் ஐயையோ என்றார்கள். உள்ளே எப்போதும் போல நீளக் காற்சட்டை போட்டிருந்தார். சேலையைச் சுருட்டி மாரியாயியின் கையில் கொடுத்தார். "பிடி."

என் முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினார். நான் என்ன செய்வேன்? தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தலையசைத்தேன்.

நாற்பது வயதுக்கு மேல். முழங்காலில் பட்டி. ஆனால் பீம் மேல் ஏறியதும் அந்தக் கால்கள் இருக்கின்றனவே, அம்மாடி! நான் அதைச் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், ஆனால் வாய்விட்டே சொல்லிவிட்டேன். உள்ளங்கை அகலக் கட்டையில் பங்களா முற்றத்தில் நடப்பது போல நடந்தார். கையை ஊன்றித் தலைகீழாக நின்றார். நின்றார் என்றால் நின்றுகொண்டே இருந்தார். தலைவர் ராமையா தன் ஸ்ட்ரைக்கைத் தானே மறந்து எழுந்து நின்றுவிட்டார். பிறகு துரைசாணி கட்டையின் ஓரத்துக்கு வந்தார், மூச்சை இழுத்தார், காற்றில் சுற்றினார்.

இறங்கினார். ஒரு அடி. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் முழங்கால் கைவிட, மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

மார்க் போட வேண்டும். பக்கத்தில் துரை இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று பல வருடம் கிளாக்கர் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? எனக்கு வீடு தோட்டத்து வீடு, சோறு தோட்டத்துச் சோறு. குணவதி டீச்சர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என் தாளை எட்டிப் பார்க்காமல், தன் சொந்த முயற்சியில் பத்துக்குப் பத்து போட்டார். நான் அடி அடியாகக் கழித்தேன், உட்கார்ந்ததற்கு அரை, முழங்காலுக்குத் தனியாக. பலகையைத் தூக்கினேன். கோகிலாவின் மார்க்கை விடக் குறைவு.

கூட்டம் திகைத்துப்போனது. துரைசாணி பலகையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சரி, கிளாக்கர். இது சரி."

மாரியாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்புச் சுருக்கிலிருந்த தைலத்தை எடுத்து, போய்த் துரைசாணியின் முழங்காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏன் ஏறுனீங்க? அறிவு வேணாம்?"

"நீதான ஏறச் சொன்ன?"

"நான் சொன்னா? கோவத்துல சொல்றதுதான். அதுக்குன்னு ஏறிர்றதா?"

துரைசாணி காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தார். பிறகு பேசினார். அதட்டல் இல்லாத குரலில் அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "எங்க நாட்டுல நான் செயிச்சேன்ல, பெரிய போட்டி. அன்னைக்கும் இப்படித்தான். குதிச்சேன், ஒரு அடி வச்சேன். எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கழிக்கல. மேல பெரிய ஆளுங்க உக்காந்திருந்தாங்க. நான்தான் செயிக்கணும்னு முன்னமே சொல்லி வச்சிட்டாங்க."

"அது நல்லதுதானே?"

"ரெண்டாவதா ஒரு புள்ள வந்துச்சு. அது அடி வைக்கல. அது பைய தூக்கிக்கிட்டு அழுதுகிட்டே போச்சு. எங்க போச்சுன்னு நான் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மாரியாயி திரும்பி கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா கண்ணைத் துடைக்காமல் லீலாவதியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். லீலாவதி பையைத் தூக்கிக்கொண்டு, "மாரியாயி, பஸ் போகப் போகுது" என்றாள்.

"இரு" என்றாள் மாரியாயி. என் பக்கம் திரும்பினாள். "ஐயா, சாம்பியன் எத்தன அடி வச்சாங்க?"

"மூனு."

"எம்புள்ள?"

"ஒன்னு."

"அப்ப ருமேனியா சாம்பியன விட எம்புள்ள ஒசத்தி. நான் சொல்லல, ஒங்க பலகையே சொல்லுது." எழுந்து நின்று லீலாவதியைப் பார்த்தாள். "சாம்பியன விட ஒசத்தியான புள்ளய எவ வீட்டு எச்சித் தட்டையோ கழுவ அனுப்ப எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? பஸ் போகுதுன்னா போகட்டும். நீ ஏறு."

"அப்ப சாப்பாட்டுக்கு என்னா செய்வ?" என்றாள் லீலாவதி.

"பால் வெட்டுவேன். நீ தின்ன ரொட்டிய விட எங்க வீட்டுக்குக் கொறச்சலாத்தான் வேணும்."

தலைவர் ராமையாவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "போராட்டம் வெற்றி!" என்று கையை உயர்த்தினார். மார்க் மாறவில்லை, மறுபடி நிறுக்கவில்லை, முதலிடமும் கலவானப் பிள்ளைக்குத்தான். ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள். பொறுப்பாளர் நிம்மதியில் எல்லாருக்கும் தேநீரும் பணிஸும் கொடுக்கச் சொன்னார். அதை இன்றுவரை சங்கம் வாங்கிக் கொடுத்த சலுகை என்றுதான் தலைவர் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்றுகூடத் தெரியவில்லை. மாரியாயி வந்து எதிரில் நின்றாள். திட்டத்தான் போகிறாள் என்று காதைத் தயார் செய்துகொண்டேன்.

"ஐயா, ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் பாக்கணும்."

"எதுக்கு மாரியாயி? திரும்பவும் கழிப்பேனே."

"கழிங்க. வேற யாராச்சும் வந்து மார்க்க அள்ளிப் போட்டுட்டா, எம்புள்ள நெசமாவே செயிச்சாளா இல்லையான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

கோகிலா லீலாவதியின் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வெளியே போய்ப் பார்த்தபோது லொறியில் முதல் ஆளாக ஏறி, பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.